காரணம்: முதுமை

அந்தத் தாளில் என் கையெழுத்துக்கான இடம் மட்டும்தான் காலியாக இருந்தது. மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டிருந்தார்கள். பெயர் ஜூலி. இனம் நாட்டு நாய். பால் பெண். வயது பதின்மூன்று. அதற்குக் கீழே, ஊசி போட்டு உயிரை நீக்கக் காரணம் என்ற வரிக்கு எதிரே, நீல மையில் ஒரே வார்த்தை: முதுமை.

நான் கடலூரில் நீதிமன்ற நகல் பிரிவில் வேலை பார்க்கிறவள். தீர்ப்புகளைப் பிரதியெடுத்து, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுக் கொடுப்பது என் வேலை. சைக்கிள் திருடினவனுக்குக்கூட, அவனை ஏன் உள்ளே போடுகிறோம் என்று பத்துப் பக்கம் எழுதிக் கொடுக்கிற இடம் அது. அதனால்தானோ என்னவோ, அந்த ஒற்றை வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"டாக்டர், நீங்க இன்னும் அவளைத் தொட்டே பாக்கலையே" என்றேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "பாத்தாலே தெரியுதேம்மா. பின்னங்கால் ரெண்டும் போயிடுச்சி. பதிமூணு வயசுன்னா மனுஷனுக்கு எண்பதுக்கு மேல. அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். சைன் பண்ணுங்க, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

போனால் போகிறது என்று ஒரு வலி ஊசி மட்டும் போட்டு அனுப்பினார். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இது இரண்டாயிரத்துப் பத்து ஏப்ரலில் நடந்தது. எட்டு மாதம் ஆகிறது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இதே மாதிரித் தாள் இன்னொரு வீட்டுக்காரர் கையிலும் கொடுக்கப்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஜூலி எங்கள் மகள் பிரின்சிக்கு ஏழு வயதாக இருந்தபோது அவளுடைய பள்ளிக்கூடப் பைக்குள் உட்கார்ந்து புதுப்பாளையம் வீட்டுக்கு வந்தவள். இப்போது பிரின்சி சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தினமும் மாலை ஏழு மணிக்குப் போன் செய்வாள். எங்களிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, "ஜூலிகிட்ட குடும்மா" என்பாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டால், ஜூலி எந்த அறையில் இருந்தாலும் டக்டக்கென்று நகம் தரையில் தட்ட ஓடி வருவாள். பிரின்சி அந்தப் பக்கத்திலிருந்து ஏதேதோ கொஞ்சுவாள். இவள் தலையைச் சாய்த்துக் கேட்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஏப்ரல் மாதம் ஒரு காலை, ஜூலி எழுந்திருக்கவில்லை. முன்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்தாள். இடுப்புக்குக் கீழே இருந்த பாதி, அவளுடையது இல்லை என்பதுபோல் தரையில் கிடந்தது. ஏன் வரமாட்டேன் என்கிறது என்று ஒருமுறை திரும்பி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

முதல் மருத்துவரிடம் போய்த் தாளோடு வந்த கதையைச் சொல்லிவிட்டேன். மறுநாள் போன இரண்டாமவர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். முந்தின நாள் என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்காமலே இன்னொரு ஊசி போட்டார். இரண்டு நாளில் ஜூலியின் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அந்த இரண்டு மருந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எனக்குத் தெரியாதது தப்பில்லை. அவருக்குக் கேட்கத் தோன்றாததுதான் தப்பு.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கடலூரில் நாய்க்கென்று எக்ஸ்ரே எங்கே இருக்கிறது? மனிதர்களுக்கு எடுக்கிற ஓர் இடத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம், நோயாளிகள் போன பிறகு பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். என் கணவர் அவளைப் போர்வையில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். கம்ப்யூட்டரில் நாய் என்று போட வழியில்லை என்று அங்கிருந்தவர் உறையின் மேல் 'பேபி ஜூலி, 13 வயது' என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் துக்கத்திலும் நாங்கள் சிரித்த ஒரே இடம் அது.

படத்தைப் பார்த்துவிட்டு இரண்டாமவரும் உதட்டைப் பிதுக்கினார். முதுகெலும்பு சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கின மாதிரி இருக்கிறது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெத்தை போல ஒரு வட்டு. வயதானால் அந்த மெத்தை காய்ந்துபோகும். ஒருநாள் பிதுங்கி, உள்ளே போகிற நரம்புத் தண்டை அழுத்தும். அழுத்தின இடத்துக்குக் கீழே கால் கேட்காது, சிறுநீர் தானாகப் போகாது. "ஆபரேஷன்னா மெட்ராஸ் போவணும். இந்த வயசுல தாங்காது. வேற வழி இல்லீங்க" என்றார். அவர் மேஜையிலும் அதே மாதிரித் தாள் இருந்தது.

சிறுநீர் போகாததால் நாங்களே அழுத்தி எடுக்க வேண்டியிருந்தது. அடிவயிற்றில் இரண்டு பக்கமும் கையை வைத்து, ஆரஞ்சுப் பழம் அளவு தட்டுப்படுவதை மெல்ல அழுத்த வேண்டும். எனக்கு அது பிடிபடவில்லை. என் கணவர்தான் செய்தார். செம்மங்குப்பத்தில் ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, சட்டையைக்கூட மாற்றாமல், "வா அம்மாடி, வேலைய முடிச்சிடலாம்" என்று அவள் பக்கத்தில் மண்டியிடுவார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிரின்சிக்குச் சொல்லவில்லை. அவளுக்கு செமஸ்டர் பரிட்சை நடந்துகொண்டிருந்தது. எங்கள் குடும்பங்களில் பரிட்சை நேரத்தில் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள். என் மாமனார் இறந்தபோதுகூடத் தூரத்தில் படித்துக்கொண்டிருந்த என் நாத்தனாருக்குக் கடைசிப் பரிட்சை முடிந்த பிறகுதான் ஆள் அனுப்பினார்கள். அவள் வந்து இறங்கியபோது கல்லறையில் மண் காய்ந்திருந்தது. அதற்காக அவள் இன்றுவரை எங்களை மன்னிக்கவில்லை. எல்லாம் தெரிந்தும் நான் அதையே செய்தேன். ஏழு மணிக்குப் போன் வந்தால், ஜூலி படுத்திருந்த இடத்துக்கு நானே போனைக் கொண்டுபோய்க் காதருகே வைத்தேன். "தூக்கக் கலக்கத்துல இருக்காடி" என்றேன். "வெயில் ஜாஸ்தி, அதான் டல்லா இருக்கா" என்றேன்.

மங்கலம்பேட்டையிலிருந்து என் தம்பி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாக்கா இது, அந்த ஜீவனை இப்படிப் போட்டு வதைக்கிறீங்க? மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா? ஒரு ஊசியோட முடியிற விஷயம். பாப்பா வர்றதுக்குள்ள முடிச்சிட்டா, தூக்கத்துல போயிடுச்சின்னு சொல்லிக்கலாம்."

அவன் கெட்டவன் இல்லை. ஊரெல்லாம் சொன்னதைத்தான் அவனும் சொன்னான். ஆனால் அவன் சொன்ன பிறகுதான் எனக்கு ஒரு கெடு இருப்பது உறைத்தது. இன்னும் மூன்று வாரத்தில் பிரின்சி வருவாள். அவள் வரும்போது ஜூலி உயிரோடு இருக்க வேண்டும். முடிந்தால் நிற்க வேண்டும்.

நகல் வாங்க வரும் ஒரு வக்கீல் குமாஸ்தாதான் சிதம்பரத்தில் ஒரு கால்நடை டாக்டரம்மா இருப்பதைச் சொன்னார். "கன்னுக்குட்டி, நாய் எல்லாத்துக்கும் அக்குபஞ்சர் பண்றாங்கம்மா. எங்க சித்தப்பா வீட்டு நாயை நடக்க வெச்சாங்க." வீட்டில் வந்து சொன்னதும் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நாய்க்கு அக்குபஞ்சரா! டயர் பஞ்சர்னா சொல்லுக்கா, நானே ஒட்டிக் குடுக்குறேன்." தெருவிலும் அதே சிரிப்புதான். கொல்வதற்கு ஊசி என்றால் ஒருவரும் சிரிக்கவில்லை. பிழைக்க ஊசி என்றால் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.

சிதம்பரம் போக வண்டி கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கார்க்காரர்கள் "சீட்டு நாறும்க்கா" என்றார்கள். கடைசியில் எங்களுக்கு மீன் கொண்டுவரும் சேகர்தான் கை கொடுத்தார். கடலோரக் குப்பத்துக்காரர், லோடு ஆட்டோ வைத்திருக்கிறார், வாரம் இரண்டு நாள் சிதம்பரத்துக்கு மீன் பெட்டி ஏற்றிப் போவார். "என் வண்டி ஏற்கெனவே நாறுதுக்கா, புதுசா இன்னா நாறப்போவுது?" என்றார். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் மெத்தை போட்டு ஜூலியைக் கிடத்தினோம். நானும் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டேன். பள்ளம் வந்தால் சேகர் வேகத்தைக் குறைத்து, "புடிச்சிக்கோக்கா, குழந்தையைப் புடிச்சிக்கோ" என்று கத்துவார். படுத்த நாளிலிருந்து சோற்றைத் திரும்பிப் பார்க்காத ஜூலி, ஆலப்பாக்கம் தாண்டும்போது பக்கத்துப் பெட்டியை மோந்து நாக்கைச் சப்புக்கொட்டினாள். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீட்டின் முன்னறைதான் கிளினிக். எங்களுக்கு முன்னால் வயிறு ஊதின ஒரு ஆடும் கட்டைப்பையில் தலையை நீட்டிக்கொண்டு ஒரு கோழியும் காத்திருந்தன. எங்கள் முறை வந்ததும் அவர் தரையில் பாயை விரித்து, தானும் உட்கார்ந்துகொண்டார். பத்து நாளில் ஜூலியின் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்த முதல் மருத்துவர் அவர்தான்.

ஒரு இடுக்கியால் ஜூலியின் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினார். கால் சுருங்கியது. அவர் இன்னும் அழுத்தினார். ஜூலி மெதுவாகத் தலையைத் திருப்பி, யார் அது என்று பார்த்தாள்.

"இதுதான் எனக்கு வேணும்" என்றார். "கால் சுருங்குறது சும்மா தன்னால நடக்கும், அதை நம்பக் கூடாது. ஆனா திரும்பிப் பாக்குறா பாருங்க. அப்படின்னா வலி மூளை வரைக்கும் போவுது. வழி முழுசா அடைபடல. இதை யாரும் பண்ணிப் பாக்கலையா?"

"இல்லைங்க."

"எதையுமே பாக்காமலா கருணை ஊசி எழுதினாங்க?"

அவர் குரல் உயர்ந்தது. அவருக்குக் கோபம் வந்ததைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது. கொடுத்த ஊசிகளின் பெயரைக் கேட்டார், வயிற்றுக்கு மருந்து எழுதினார். பிறகு ஜூலியின் நகங்களைத் தடவிக்கொண்டே கேட்டார்: "வீட்ல தரை என்ன?"

"டைல்ஸ்தாங்க. ரொம்பச் சுத்தமா இருக்கும். ரெண்டு வேளையும் துடைக்கிறோம்."

"எப்ப போட்டீங்க?"

"பொங்கலுக்கு முன்னால."

"அதுக்கப்புறம் வழுக்கி விழுந்தாளா?"

நான் ஜூலியின் நகங்களைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் பழைய மொசைக் தரை இருந்தது. அங்கங்கே விரிசல், ஆனால் சொரசொரப்பு. தெருவில் எல்லாரும் டைல்ஸ் போட்டார்கள். நாளைக்குப் பிரின்சியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கடையில் என் கணவர் கொஞ்சம் சொரசொரப்பானதைக் காட்டினார். நான் கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளையைத்தான் எடுத்தேன். பொங்கலுக்கு வந்திருந்த தம்பி, ஜூலி கூடத்தில் ஓடி வந்து நான்கு கால்களும் நான்கு பக்கம் விரிய வழுக்கிப் போனதைச் செல்போனில் வீடியோ எடுத்தான். "ஜூலி டான்ஸ் ஆடுது பாரு!" என்றான். அந்த வீடியோவில் பின்னால் ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்கும். அது நான்தான்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "டைல்ஸ் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். வட்டு காய்ஞ்ச வயசுதான். ஆனா அந்த முதுகோட மூணு மாசம் ஒவ்வொரு அடிக்கும் வழுக்கி, இழுத்து, சமாளிச்சி நடந்திருக்கா. நாயிக்கு நகம்தான் பிடிமானம். நகம் பதியாத இடத்துல அது எப்படி நிக்கும்?"

இரண்டு மருத்துவர்கள், ஒரு எக்ஸ்ரே, இரண்டு ஊசி, இரண்டு தாள். அவள் எதன் மேல் நடக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. காரணம் என்ற இடத்தில் எழுத வேண்டிய வார்த்தையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் நியாயமானது, அதை நான் விடப்போவதில்லை. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே தொட்டாலும் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

ஊசி என்றதும் நான் பயந்திருந்தேன். தலைமுடி கனம்தான் இருந்தது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் வரிசையாக, இடுப்பில், முழங்காலுக்குக் கீழே, கடைசியாகப் பின்னங்கால் விரல் இடுக்கில் என்று பதினாலு ஊசி. விரல் இடுக்கில் குத்தியபோது மட்டும் லேசாக உறுமினாள். சிலவற்றில் சின்னக் கம்பி மாட்டி, தீப்பெட்டி அளவு பேட்டரிப் பெட்டியிலிருந்து மெல்லிய மின்சாரம் கொடுத்தார். தொடைச் சதை துடித்தது. ஐந்து நிமிஷத்தில் ஜூலி குறட்டை விட்டாள். ஆட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, முள்ளம்பன்னியா ஆக்கிட்டாங்களே" என்றார்.

"இது மந்திரம் இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. "ஓய்வு, மருந்து, ஊசி மூணும் சேந்துதான் வேலை செய்யும். எது எவ்வளவு செஞ்சதுன்னு என்னால பிரிச்சிச் சொல்ல முடியாது. நடக்காமலும் போலாம். மூணு வாரம் குடுங்க."

அன்று மாலையே என் கணவர் கடைத்தெருவுக்குப் போய்ப் பழைய அரிசிச் சாக்குகள் வாங்கி வந்தார். நான் ஆசைப்பட்டுப் போட்ட தரையின் மேல், ஜூலி படுக்கும் இடத்திலிருந்து வாசல் வரைக்கும், சாக்கைப் பிரித்து ஒட்டுத் துணி வைத்துத் தைத்து விரித்தோம். நகராமல் இருக்க ஓரத்தில் டேப் ஒட்டினோம். அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வாரம் இரண்டு முறை மீன் வண்டியில் போனோம். பிரின்சியின் விடுதி அந்தக் கிளினிக்கிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒவ்வொரு முறையும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, திருடி மாதிரி அந்த ஊருக்குள் போய்வந்தேன். இரண்டாவது முறை ஒன்றும் இல்லை. மூன்றாவது முறையும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு டாக்டரம்மாவிடமே சீறிவிட்டேன். "எங்களுக்கு ஆறுதலுக்காகத்தான் பண்றீங்களா, சொல்லிடுங்க" என்றேன். அவர் ஊசியை எடுத்துக்கொண்டே, "வாலைப் பாருங்க" என்றார். வாலின் நுனி, அரை அங்குலம், சேகரின் குரல் கேட்ட பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த நாள் மாலை போனில் பிரின்சி எப்போதும்போல் கொஞ்சவில்லை.

"அம்மா, ஜூலி ஓடி வர்ற சத்தமே கேக்கலையே."

"படுத்துட்டு இருக்காடி."

"மூணு வாரமாவா? டைல்ஸ்ல அவ நகம் எப்படிச் சத்தம் போடும்னு எனக்குத் தெரியாதா? தினமும் நீயே போனைத் தூக்கிட்டுப் போற. அவளால நடக்க முடியலை, அதானே?"

நான் போனை ஜூலியின் பக்கம் இன்னும் நகர்த்தினேன்.

"உசுரோடயாவது இருக்காளா? அதையாவது நிஜமாச் சொல்லு. மூச்சு சத்தம் கேக்குது, அதை வெச்சித்தான் தினம் பரிட்சைக்குப் போனேன்."

அவள் படிப்பு கெடக் கூடாது என்று நான் மறைத்தேன். நாங்கள் சங்கடப்படக் கூடாது என்று அவள் தெரியாத மாதிரி இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டைல்ஸையும் சொன்னேன். "இவ்வளவு பக்கத்துல வந்துட்டு என்னைப் பாக்காம போயிருக்கீங்க" என்றாள். அடுத்த முறை நாங்கள் போய் இறங்கியபோது கிளினிக் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஜூலியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தைக்கு ஆளனுப்பின மாதிரி எனக்கும் அனுப்பலாம்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அன்று பதினாலு ஊசிக்கும் ஜூலி உறுமவே இல்லை.

ஆறாவது முறை முடிந்து வந்த வாரம், என் கணவர் சிறுநீர் எடுக்க மண்டியிட்டபோது ஜூலி அவர் கையைத் தட்டிவிட்டு, சாக்கின் மேல் எழுந்து நின்றாள். பின்பக்கம் குடிகாரன் மாதிரி ஆடியது. நான்கு அடி நடந்து கொல்லைப்பக்கம் திரும்பி, வேலையைத் தானே முடித்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தபடியே தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

முழுதாகக் குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இடது கால் இன்னும் இழுக்கிறது. மழைநாளில் எழுந்திருக்க முனகுவாள். மாதம் ஒருமுறை சேகர் வண்டியில் போய் ஊசி போட்டுக்கொள்கிறாள். ஒருநாள் போய்விடுவாள்தான். அது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அது யாரோ நாற்காலியில் உட்கார்ந்தபடி நிரப்புகிற வரி இல்லை.

போன வாரம் தம்பி வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாக்கா, வீடு அரிசி மண்டி மாதிரி இருக்குது! இவ்ளோ செலவு பண்ணி டைல்ஸ் போட்டு, அது மேல சாக்கா? நாளைக்குப் பாப்பாவைப் பாக்க வர்றவங்க இன்னா சொல்லுவாங்க?"

"உனக்கு டைல்ஸ் புடிச்சிருந்தா அது மேல நட. சாக்கு அவளுக்கு" என்றேன். "வர்றவங்க சாக்கைப் பாத்துட்டுப் போனாங்கன்னா, போவட்டும். அப்படியே அந்தப் பொங்கல் வீடியோவை அழிச்சிடு."

"அது எப்பவோ அழிச்சிட்டேன்க்கா" என்றான். சாக்கின் ஓரமாகப் பார்த்துப் பார்த்து உள்ளே வந்தான்.

ஏழு மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு, நான் இருந்த இடத்திலேயே நின்று கூப்பிட்டேன். சாக்கின் மேல் நடந்தால் சத்தம் வராது. அந்தப் பக்கம் பிரின்சி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். சமையலறை வாசலில் இரண்டு சாக்குகளுக்கு நடுவில் ஒரு முழம் வெள்ளைத் தரை தெரியும். அங்கே சாக்கு போட வேண்டாம், எனக்குக் கேட்கட்டும் என்று பிரின்சிதான் சொல்லியிருந்தாள். ஜூலி அந்த இடத்தில் நின்று, நிதானித்து, காலை வைத்தாள்.

டக். டக்.

"வந்துட்டா" என்றாள் பிரின்சி.